ஆயுத பூஜைக்கு மட்டும் துடைக்கப்படும் மெஷின்

எழுதி ரெண்டு மாசம் ஆச்சு. செமஸ்டர், அரியர், இன்பிளான்ட் டிரெயினிங் என்று ஓடிவிட்டது. போன கட்டுரை உடுமலை பஸ் ஸ்டாண்டு இளநீர்க் கடைகளைப் பற்றி. அதற்கு முந்தியது சதுரங்கம். இந்த முறை கண்ணாடி நார். (யாரும் ஓடிவிடாதீர்கள், சமன்பாடு ஒன்றுகூட வராது. கூட்டல் கழித்தல் மட்டும் கொஞ்சம் வரும்.) கோபத்தோடுதான் எழுதுகிறேன், அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கோபம் இதுதான். ஃபைபர் ஜாயின்ட் ஒன்று கெட்டுப்போனால் உடனே எல்லோரும் அதைப் போட்டவரைத் திட்டுகிறோம். "அவன் ஒழுங்கா பண்ணல", "கை சரியில்ல", "அவசரத்துல போட்டிருப்பான்". அந்த ஆளிடம் கொடுத்த மெஷினைத் துடைக்க ஒரு பாட்டில் ஆல்கஹாலும், தினம் பத்து நிமிஷமும் யாராவது கொடுத்தார்களா என்று ஒருத்தரும் கேட்பதில்லை. லட்ச ரூபாய் மெஷினை வாங்குவார்கள். அதைச் சுத்தமாக வைத்துக்கொள்ள ஆகும் சில நூறு ரூபாயை வேலைக்காரர் தலையில் கட்டிவிடுவார்கள். இது கஞ்சத்தனம் மட்டும் இல்லை, முட்டாள்தனமும்கூட என்பதுதான் இந்தக் கட்டுரை.

மெக்கானிக்கல், சிவில் நண்பர்களுக்காக முதலில் ஒரு சின்ன அறிமுகம். நம் வீட்டுக்கு இன்டர்நெட் கொண்டுவரும் கண்ணாடி இழையின் தடிமன் 125 மைக்ரான். தலைமுடியைவிடச் சற்றே தடிமன், அவ்வளவுதான். அதற்குள்ளே ஒளி போகும் நடுப்பகுதி, அதாவது கோர், சுமார் 9 மைக்ரான். இப்படிப்பட்ட இரண்டு இழைகளை நுனியோடு நுனி வைத்து, கோருக்கு நேராகக் கோர் நிற்கும்படி உருக்கி ஒட்ட வேண்டும். அந்த வேலைக்குத்தான் ஸ்பிளைசிங் மெஷின். மேல் பூச்சை ஸ்டிரிப்பரால் உரித்து, ஆல்கஹால் நனைத்த துடைப்பானால் துடைத்து, கிளீவரில் (எங்கள் ஆட்கள் 'கட்டர்' என்பார்கள்) வெட்டி, மெஷினுக்குள் 'வி' எழுத்து போன்ற ஒரு குட்டிப் பள்ளத்தில் படுக்க வைக்க வேண்டும். இரண்டு டங்ஸ்டன் ஊசிகளுக்கு நடுவே மின்பொறி பாயும். கண்ணாடி உருகி ஒட்டிக்கொள்ளும். மேலே ஒரு ஸ்லீவை ஏற்றி ஹீட்டரில் சுருக்கினால் ஜாயின்ட் முடிந்தது.

கேட்க எளிதாக இருக்கிறது. ஒட்டி முடித்த பிறகு இரண்டு கோரும் 1 மைக்ரான் விலகி நின்றாலே சுமார் 0.2 டெசிபல் லாஸ். 1550 நானோமீட்டர் ஒளி ஒரு முழு கிலோமீட்டர் ஃபைபரில் பயணம் செய்தால் இழப்பதும் கிட்டத்தட்ட அதே 0.2 டெசிபல்தான். ஆக, ஒரு மைக்ரான் பிசகினால் ஒரு கிலோமீட்டர் போச்சு. இப்போது அந்த வி-பள்ளத்தில் ரோட்டுப் புழுதி ஒரு துகள் உட்கார்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் கண்ணுக்கு அது ஒன்றுமே இல்லை. இழைக்கு அது பாறாங்கல்.

சரி, கதைக்கு வருகிறேன்.

இன்பிளான்ட் டிரெயினிங் என்று ஒரு கேபிள் ஒப்பந்ததாரரிடம் நான்கு வாரம் போனேன். பெயர் வேண்டாம். என்னை ஒரு அண்ணனோடு சேர்த்துவிட்டார்கள். அவர் பெயரும் வேண்டாம், வேலைக்கு உலை வைத்த பாவம் எனக்கு எதற்கு? பதினைந்து வருஷமாக ஜாயின்ட் போடுகிறவர். டிவிஎஸ் எக்ஸெலில் முன்னால் மெஷின் பெட்டி, பின்னால் நான், நடுவில் அவர். உடுமலைப் பக்கம் ஆடி மாசக் காற்றைப் பற்றித் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று, காற்றாலைகள் சும்மா அங்கே நிற்கவில்லை. அந்தக் காற்றில், ரோட்டோரத்தில், தார்ப்பாயைக் கட்டிக்கொண்டு, 9 மைக்ரானை 9 மைக்ரானோடு ஒட்டும் வேலை.

ஒரு நாள் சாயங்காலம், ரோடு அகலப்படுத்துகிற இடத்தில் ஜேசிபி 48 கோர் கேபிள் ஒன்றை வாரி இழுத்துவிட்டது. நடுவில் நூறு மீட்டர் புதுக் கேபிள் போட வேண்டியதாகிவிட்டது. அப்படியென்றால் இரண்டு முனையிலும் சேர்த்து 96 ஜாயின்ட். ஏழு மணிக்கு உட்கார்ந்தோம். மெஷின் திரையில் 0.02, 0.03, 0.02 என்று அழகழகாக வந்துகொண்டே இருந்தது. எனக்கு ஒரே பெருமை. பரீட்சையில் கூட இவ்வளவு நல்ல நம்பர் பார்த்ததில்லை :-)

நடுராத்திரி தாண்டி, எக்ஸ்சேஞ்ச் பக்கம் இருந்தவர் ஓடிடிஆர் வைத்துப் பார்த்துவிட்டுப் போன் பண்ணினார். ஒன்பது ஜாயின்ட் தேறாது. சிலது 0.3, சிலது 0.5.

"அண்ணா, திரையில 0.02ன்னு தானுங்களே வந்துச்சு?" என்றேன்.

"மெஷின் பொய் சொல்லுதுங்க தம்பி. அதுக்கும் கண்ணு மங்கிப்போச்சு" என்றார்.

அன்றைக்கு அதை அவர் அலுப்பில் சொன்ன வார்த்தை என்றுதான் நினைத்தேன். அப்புறம் கையேட்டைப் படித்தபோதுதான் அது நூற்றுக்கு நூறு தொழில்நுட்ப உண்மை என்று புரிந்தது. மெஷின் லாஸை அளப்பதே இல்லை. கேமராவில் தெரியும் படத்தை வைத்து, விளிம்பு எப்படி நிற்கிறது, கோர் எங்கே போகிறது என்று பார்த்து, 'இவ்வளவு இருக்கலாம்' என்று மதிப்பிடுகிறது. உண்மையான அளவு ஓடிடிஆரை இரண்டு பக்கமிருந்தும் வைத்துச் சராசரி எடுத்தால்தான் கிடைக்கும். லென்ஸில் அழுக்கு இருந்தால் படம் தப்பு. படம் தப்பானால் மதிப்பீடும் தப்பு. மங்கின கண்ணாடி போட்ட வாத்தியார் விடைத்தாள் திருத்துவது மாதிரி.

ஒன்பதையும் அறுத்து மறுபடி போட்டு முடிக்கும்போது விடியற்காலம் நாலரை. சம்பள நாள் அன்று அண்ணனுக்கு இரண்டு நாள் கூலி பிடித்தம். காரணம் 'மெட்டீரியல் வேஸ்ட்'. அவர் ஒன்றும் பேசவில்லை. எனக்குத்தான் தாங்கவில்லை.

அன்று அவருடைய பையைத் திறந்து பார்த்தேன். துடைப்பதற்கு என்று இருந்தது ஒரு பழைய பனியன் துண்டு. பாட்டிலில் இருந்தது ஊசி போடுமுன் தடவுகிற ஆஸ்பத்திரி ஸ்பிரிட். பனியன் துணி நூல் விடும். அந்த நூலிழை ஒவ்வொன்றும் நம் ஃபைபருக்குப் பக்கத்தில் வடக்கயிறு. ஸ்பிரிட்டில் கணிசமான பங்கு தண்ணீர். ஆல்கஹால் பறந்த பிறகு ஈரமும் கறையும் இழைமேல் நிற்கும். வேண்டியது 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் நூல் விடாத காகிதத் துடைப்பானும். "ஏனுங்கண்ணா, ஓனர்கிட்டக் கேட்கலாமே?" என்றேன். "கேட்டுக் கேட்டு விட்டாச்சுங்க தம்பி. மெஷின் வாங்கிக் குடுத்தாச்சில்ல, இன்னும் என்னங்கறாரு" என்றார்.

மெனுவுக்குள் போய்ப் பார்த்தால் எலக்ட்ரோடு கணக்கு 7,840 ஆர்க் என்று காட்டியது. அந்த மாடலின் கையேடு 3,000 ஆனதும் மாற்றச் சொல்கிறது. (இது மாடலுக்கு மாடல் மாறும், ஆயிரத்திலிருந்து ஐந்தாயிரம் வரை போகும்.) ஒவ்வொரு முறை பொறி பாயும்போதும் கண்ணாடி கொஞ்சம் ஆவியாகி ஊசி நுனியில் படியும். நுனி தேயும். பொறி நேராகப் பாயாமல் தள்ளாடும். இரண்டு ஊசியையும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும், ஒன்றை மட்டும் மாற்றினால் பிரயோஜனம் இல்லை.

ஊருக்குப் போனபோது கெமிக்கல்ஸ் கடையில் ஐசோபுரோபைல் ஒரு பாட்டில் வாங்கி வந்தேன். ஒரு சாயங்காலம் ரூமில் உட்கார்ந்து, மெஷினை ஆஃப் பண்ணிவிட்டு, கையேட்டைப் பார்த்துப் பார்த்து நானும் அண்ணனும் துடைத்தோம். வி-பள்ளத்திலிருந்து பொடிப்பொடியாகக் கண்ணாடித் துண்டு வந்தது. கிளீவரின் ரப்பர் பட்டையில் ஜெல்லி, அதாவது கேபிள் குழாய்க்குள் தண்ணீர் புகாமல் இருக்க அடைத்திருப்பார்களே அந்தப் பசை, காய்ந்து ஒட்டியிருந்தது. பிளேடைச் சுற்றி எண் போட்ட 16 இடங்கள் இருக்கும். ஒரு இடம் மழுங்கினால் அடுத்ததற்குத் திருப்பிக்கொள்ளலாம். அப்படித் திருப்பித் திருப்பி ஒரே பிளேடில் 48,000 வெட்டு வரை போகலாம் என்கிறது பரவலாகப் புழங்கும் ஒரு வகையின் குறிப்பு. எங்கள் பிளேடு வாங்கிய நாளிலிருந்து ஒன்றாம் எண்ணிலேயே நின்றது! திருப்பலாம் என்று அண்ணனுக்கு யாரும் சொல்லித்தரவே இல்லை. பதினைந்து வருஷம்!

முந்தின நாள் 24 ஜாயின்டில் ஆறு திரும்பப் போட வேண்டி வந்தது. துடைத்த மறுநாள் 24ல் ஒன்று. இதை ஆராய்ச்சி என்று சொல்லமாட்டேன், ஒரே ஒரு மெஷின், இரண்டே நாள். ஆனால் அன்றைக்கு அண்ணன் ஆறு மணிக்கு வீட்டுக்குப் போனார். அது எனக்குப் போதும்.

சந்தோஷம் ஒரு வாரம்தான். எலக்ட்ரோடை மாற்றச் சொல்லி நான் ஓனரிடம் கேட்டேன். "இன்பிளான்டுக்கு வந்தமா, கத்துக்கிட்டமான்னு இருங்க தம்பி" என்றார். அடுத்த வாரம் மெஷின் பொறியே நிலைக்கவில்லை என்று கைவிரித்துவிட்டது. சர்வீஸுக்குப் போய் வர 12 நாள். அந்த 12 நாளும் அண்ணனுக்கு வேலையும் இல்லை, கூலியும் இல்லை. ஒரு ஜோடி எலக்ட்ரோடு விலையைவிட மெஷின் சும்மா கிடந்த நஷ்டம் ஓனருக்கே அதிகம். இதைத்தான் முட்டாள்தனம் என்றேன்.

இப்போது அந்தக் கூட்டல் கழித்தல். வீடுகளுக்குக் கொடுக்கும் ஜிபான் லைனில் பரவலாக இருப்பது பி-பிளஸ் வகை. அதற்குக் கையிருப்பு 28 டெசிபல். இதை மாசச் சம்பளம் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். 32 வீட்டுக்குப் பிரிக்கும் ஸ்பிளிட்டர் சுமார் 17ஐ எடுத்துக்கொள்ளும். பத்து கிலோமீட்டர் ஃபைபர், 1310 நானோமீட்டரில் கிலோமீட்டருக்கு 0.35 வீதம், 3.5. நாலு கனெக்டருக்கு 1.2. மிச்சம் 6.3. இதில்தான் ஜாயின்ட் செலவு. பத்து ஜாயின்ட் என்று வைத்துக்கொள்வோம்.

சுத்தமான மெஷினில் ஜாயின்டுக்கு 0.05 என்றால் மொத்தம் 0.5. மிச்சம் 5.8. அழுக்கு மெஷினில் 0.3 என்றால் மொத்தம் 3. மிச்சம் 3.3. இப்போது ஜேசிபி வருகிறது. ஒவ்வொரு வெட்டுக்கும் இரண்டு ஜாயின்ட் புதிதாகச் சேரும். வருஷத்துக்கு மூன்று வெட்டு என்றால் (எங்கள் ஊர் ரோட்டைப் பார்த்தவர்கள் இது குறைவு என்பார்கள்), சுத்தமான மெஷினில் வருஷச் செலவு 0.3. அழுக்கு மெஷினில் 1.8. வகுத்துப் பாருங்கள். முதல் லைன் 19 வருஷம் தாங்கும். இரண்டாவது லைன் இரண்டு வருஷத்துக்குள் படுத்துவிடும். வேறு தேய்மானங்களை எல்லாம் விட்டுவிட்டுப் போட்ட எளிய கணக்குதான். ஆனாலும் அதே கேபிள், அதே ரோடு, அதே ஆள். வித்தியாசம் அந்தப் பாட்டில் மட்டும்.

லைன் படுத்தால் யாருக்கு என்ன என்கிறீர்களா? நகரத்தில் படுத்தால் மொபைல் டேட்டாவில் படம் பார்ப்போம். கிராமத்தில் இ-சேவை மையம் நிற்கும். ரேஷன் கடையில் கைரேகை ஏறாமல் கிழவிகள் உட்கார்ந்திருப்பார்கள். எல்லா ஊராட்சிக்கும் ஃபைபர் என்று 2011ல் ஒரு தேசியத் திட்டம் வந்தது. 2015ல் அதற்குப் பாரத்நெட் என்று பெயர் மாறியது. நாடு முழுக்கச் சுமார் 2.5 லட்சம் ஊராட்சிகள் இலக்கு. தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளை இணைப்பது என்று சொல்லி, அதற்கென்றே 2018ல் ஒரு அரசு நிறுவனமும் தொடங்கினார்கள். 2023 ஆகஸ்டில் பாரத்நெட்டின் திருத்திய வடிவத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புக்கொண்ட தொகை 1,39,579 கோடி ரூபாய். நான் பார்த்த ஒப்பந்ததாரருக்கும் இந்தத் திட்டத்துக்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் எத்தனை கோடியாக இருந்தாலும், அது கடைசியில் ஒரு வி-பள்ளத்தின் வழியாகத்தான் போக வேண்டும். அந்தப் பள்ளத்தைத் துடைக்கிற துணி பழைய பனியனா இல்லையா என்பது அந்தக் கோடிகளின் தலையெழுத்து.

இதைச் சொன்னபோது என்னிடம் வாதாடியவர்கள் உண்டு. அவர்களுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன்.

1. "இப்போ வர்ற மெஷின் எல்லாம் ஆட்டோமேட்டிக். தானே கோரைப் பார்த்து நேராக்கிக்கும்."

உண்மைதான், நல்ல மெஷின்கள் செய்யும். எதை வைத்துப் பார்க்கும்? லென்ஸை வைத்து. லென்ஸைத் துடைப்பது யார்? அதுவும் போக, மோட்டார் நகர்த்தக்கூடிய தூரத்துக்கு ஒரு எல்லை உண்டு. பள்ளத்தில் குப்பை இழையைத் தூக்கி வைத்திருந்தால் அந்த எல்லையைத் தாண்டிப்போகும். மலிவான மெஷின்கள் பலவற்றில் வி-பள்ளமே அசையாது. அங்கே பள்ளம் சுத்தமாக இருப்பது ஒன்றுதான் நேராக்கும் வழி. மெஷின் எவ்வளவு புத்திசாலியோ அவ்வளவுக்குத் துடைப்பது முக்கியம் என்பதுதான் சரி.

2. "ஆளுங்களுக்கு அக்கறை இல்லை. வாங்கிக் கொடுத்தாலும் துடைக்க மாட்டாங்க."

கோர் கணக்கில் கூலி கொடுத்துவிட்டு அக்கறையைப் பற்றிப் பேசக் கூடாது. 24 கோர் போட்டால் 24க்குக் காசு. பத்து நிமிஷம் துடைத்தால் பூஜ்யம். அந்தப் பத்து நிமிஷத்தில் மூன்று ஜாயின்ட் போடலாம். எந்த மனுஷன் தன் கூலியைத் தானே வெட்டிக்கொள்வான்? எங்கள் ஊரில் தச்சர் காலையில் வந்ததும் அரைமணி நேரம் உளி தீட்டுவார். தாத்தா ஒருநாளும் "வேலையைப் பாருய்யா" என்று சொன்னதில்லை. தீட்டுவதும் வேலைதான் என்று அவருக்குத் தெரியும். ஃபைபர் கம்பெனிக்காரருக்குத் தெரியவில்லை.

3. "ஏதாவது ரிப்பேர்னா சர்வீஸ் சென்டர் இருக்கு."

சர்வீஸ் சென்டர் செத்த மெஷினுக்கு. நான் பேசுவது உயிரோடு இருந்துகொண்டே தப்பு ஜாயின்ட் போடுகிற மெஷினைப் பற்றி. செத்தால் தெரிந்துவிடும். பொய் சொன்னால்தான் ஆபத்து.

4. "நாங்க துடைக்கிறோமே!"

எதை வைத்து என்று கேட்டால் வாயால் ஊதுகிறோம் என்கிறார்கள். வாயால் ஊதினால் எச்சில் ஈரம் லென்ஸில். சிலர் கம்ப்யூட்டர் கீபோர்டு சுத்தம் பண்ணும் ஸ்பிரே கேனை அடிக்கிறார்கள். அதன் வாயு மிச்சம் பொறி பாயும்போது வினைபுரிந்து எலக்ட்ரோடைக் கெடுக்கும், நச்சு வாயுவும் வரலாம், வேண்டவே வேண்டாம் என்று கையேட்டில் எச்சரிக்கை போட்டிருக்கிறது. கீல் இறுகுகிறது என்று தையல் மெஷின் எண்ணெய் விட்ட ஒருவரையும் பார்த்தேன். எண்ணெய் பட்டால் புழுதிக்குக் கல்யாணம்தான். இவர்கள் யாரும் அலட்சியக்காரர்கள் இல்லை. அக்கறையோடுதான் தப்பாகச் செய்கிறார்கள். கையேடு இங்கிலீஷில், பெட்டி அடியில், பிளாஸ்டிக் உறையே பிரிக்காமல் கிடக்கிறது.

இப்போது நம் பக்கம் வருவோம். ஓனரைத் திட்டிவிட்டு நம்மை விட்டுவிட்டால் அது நேர்மை இல்லை. எங்கள் டிபார்ட்மென்டில் ஒரு ஸ்பிளைசிங் மெஷின் இருக்கிறது. கண்ணாடி அலமாரிக்குள். மூன்று வருஷத்தில் அது வெளியே வந்தது இரண்டு விதமான நாட்களில். ஆய்வுக் குழு வருகிற நாள். அப்புறம் ஆயுத பூஜை. ஆயுத பூஜை அன்று ஈரத்துணியால் ஒரு துடை, காற்றுத் தடுப்பு மூடிமேல் சந்தனம், குங்குமம், ஒரு முழம் பூ. தீபாராதனை. மூடியைத் திறந்தால் குங்குமப் பொடி நேராக எங்கே விழும் என்று யோசித்துப் பாருங்கள். எனக்குப் பூஜையில் ஒரு குறையும் இல்லை. கருவியை மதிக்கிற வழக்கம் நம்மிடம் இருக்கிறது என்பதற்கே அதுதான் சாட்சி. ஆனால் வருஷத்தில் ஒரு நாள் கும்பிட்டுவிட்டு மிச்ச நாளெல்லாம் கவனிக்காமல் விட்டால் எந்தச் சரஸ்வதி ஏற்றுக்கொள்வாள்?

பாடத்தில் ஸ்நெல் விதி உண்டு, நியூமரிக்கல் அபெர்ச்சர் உண்டு. ஜாயின்ட் விலகினால் லாஸ் எவ்வளவு என்று பதினாறு மார்க் கணக்கு உண்டு. விலகாமல் இருக்க எதைத் துடைக்க வேண்டும் என்று அரை மார்க் கேள்வி கிடையாது. அந்தக் கணக்கை நான் முழு மார்க்கோடு போட்டேன். ஆனால் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தபோது ஃபைபரை வெட்டிய பிறகு இன்னொரு தரம் துடைக்கப் போனேன். "தம்பி, வெட்டினப்புறம் நுனியைத் தொடாதீங்க" என்று கையைப் பிடித்தார். உரி, துடை, வெட்டு. வெட்டினபின் எதன்மேலும் பட விடாதே. இந்த மூன்று வார்த்தை ஏழு செமஸ்டரில் எனக்கு யாரும் சொல்லவில்லை. நாளைக்கு நானும் நீங்களும்தான் சூப்பர்வைசராகப் போய் அந்த அண்ணனுக்குப் பிடித்தம் எழுதப் போகிறோம். துடைக்கவே தெரியாதவன் துடைக்காததற்கு அபராதம் போடுவது என்ன நியாயம்?

இன்னொன்று, யாரும் பேசாதது. வெட்டின துண்டு. அரை அங்குலக் கண்ணாடி ஊசி, கண்ணுக்குத் தெரியாது. விரலில் ஏறினால் எடுக்க முடியாது. மெஷினோடு அதற்கென்று ஒரு குப்பை டப்பா வரும். எங்கள் மெஷினில் அது தொலைந்து எத்தனை காலமோ. அண்ணன் துண்டுகளை டேப்பில் ஒட்டி மடித்து வைப்பார், சில சமயம் கீழே விழும். அதே தார்ப்பாயில் உட்கார்ந்துதான் மதியம் தூக்குச்சட்டியைத் திறந்து சாப்பிடுவோம். கருவியைச் சுத்தமாக வைப்பது என்பது இன்டர்நெட் வேகத்துக்காக மட்டும் இல்லை, சோற்றில் கண்ணாடி விழாமல் இருப்பதற்காகவும்.

வெறுமனே புலம்பிவிட்டுப் போகக் கூடாது அல்லவா? நான் கேட்பது ஐந்தே ஐந்து.

ஒன்று, ஆல்கஹால், துடைப்பான், பஞ்சுக்குச்சி, எலக்ட்ரோடு, பிளேடு எல்லாம் கம்பெனி செலவு. பெட்ரோலுக்குக் கணக்கு எழுதுகிற மாதிரி இதற்கும் எழுதட்டும்.

இரண்டு, காலையில் பத்து நிமிஷம், வேலை முடிந்து பத்து நிமிஷம் துடைக்கிற நேரம் கூலியில் சேர வேண்டும். கோர் கணக்கில் கொடுப்பவர்கள் ஒரு நாளைக்கு இத்தனை கோர் என்று இதற்காகக் கூட்டிக் கொடுக்கட்டும்.

மூன்று, எலக்ட்ரோடு கணக்கையும் பிளேடு எண்ணையும் வாரம் ஒருமுறை நோட்டில் எழுத வேண்டும். எழுத வேண்டியது சூப்பர்வைசர். மெனுவில் நம்பர் இருக்கிறது, பார்க்க ஒரு நிமிஷம்.

நான்கு, ஜாயின்ட் தேறவில்லை என்றால் பிடித்தம் எழுதுமுன் அந்த நோட்டைப் பார்க்க வேண்டும். எலக்ட்ரோடு காலாவதி என்றால் பிடித்தம் ஓனர் பையிலிருந்து.

ஐந்து, கல்லூரிகளில் அலமாரியைத் திறக்க வேண்டும். லேப் தேர்வில் ஜாயின்ட் போடுவதற்குப் பாதி மார்க், மெஷினைத் துடைத்து ஒப்படைப்பதற்கு மீதி மார்க்.

கடைசியாக, என்னால் முடிந்ததை நான் செய்திருக்கிறேன். மெஷின் மூடியின் உள்பக்கம் ஒட்டுகிற மாதிரி தமிழில் ஒரு அட்டை. பெரிய எழுத்தில் இவ்வளவுதான்:

மெஷினை ஆஃப் பண்ணு. வி-பள்ளத்தை 99 சதவீத ஆல்கஹால் தொட்ட மெல்லிய குச்சியால் துடை. போகாத குப்பையை வெட்டின ஃபைபர் நுனியால் தள்ளு. உலோக ஊசி வேண்டாம். லென்ஸை அழுத்தாதே, நடுவிலிருந்து வெளியே வட்டமாகத் துடை. எலக்ட்ரோடு நுனியைத் தொடாதே. கிளீவர் பிளேடையும் ரப்பரையும் துடை. ஹீட்டரில் உருகி ஒட்டினதை எடு. ஊதாதே. ஸ்பிரே அடிக்காதே. எண்ணெய் விடாதே. ஆன் பண்ணி ஆர்க் கேலிப்ரேஷன் போடு. சமவெளியிலிருந்து வால்பாறை, கொடைக்கானல் என்று மலை ஏறினாலும் மறுபடி போடு, அங்கே காற்றழுத்தம் வேறு.

லேமினேஷன் பண்ணி அண்ணனிடம் ஒன்று கொடுத்தேன். படித்துப் பார்த்தார். "இதுல பாதி எனக்குத் தெரியுமுங்க தம்பி. மீதியை யாரும் சொல்லலை. ஆனா பாட்டில் யாரு வாங்கறதுன்னு எழுதலையே நீங்க?" என்றார்.

அதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

பி.கு.: அட்டை வேண்டுகிறவர்கள் மேலே உள்ளதை அப்படியே எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள், காப்பிரைட் எல்லாம் கிடையாது. உங்கள் ஊர் ஆட்கள் வேறு சொல் பயன்படுத்தினால் மாற்றிக்கொள்ளுங்கள். அடுத்த கட்டுரை நிச்சயம் லேசானது, பரோட்டாவைப் பற்றி :-)